பேரீச்சம்பழத்துக்குப் போட்டு விடாதீர்கள்!

உங்கள் ஊரில் ஒரு நல்ல உளி வாங்க வேண்டும் என்றால் எந்தக் கடைக்குப் போவீர்கள்? "உளிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? கரண்டி, வாணலி என்று கேட்டாலாவது பதில் சொல்லலாம்" என்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது, சகோதரிகளே. போன வருஷம் முழுக்க நான் உளியும் இழைப்புளியும் தேடி அலைந்தவள். அந்த அலைச்சலில் தெரிந்து கொண்டதை உங்களுக்கும் சொல்லி விடுகிறேன். முடிவில் இது பெண்கள் காரியம்தான் என்று நீங்களே ஒப்புக் கொள்வீர்கள்.

எங்களுக்குக் கயத்தாறு. 1799 அக்டோபர் 16-ல் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்றால் எல்லோருக்கும் தெரியும். கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில், காற்றாலைகள் சுற்றுகிற பொட்டல் காட்டில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சின்னதாக ஒரு மளிகைக்கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. சின்னவன் பிளஸ் டூ முடித்தான். மார்க் சுமார். ஆனால் கை மட்டும் சும்மா இருக்காது. அடுத்த வீட்டு ஊஞ்சல் பலகை கழன்றால் இவன்தான் மாட்டிக் கொடுப்பான். என் அரிவாள்மணைப் பலகை இற்றுப் போனபோது, வேப்பம் பலகையில் புதிதாகச் செய்து பொருத்தினான்.

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக் கொண்டே, "யம்மா, நான் மரவேலை படிக்கப் போறேன்" என்றான்.

அவருக்கு வந்ததே கோபம்! "பன்னிரண்டு வருஷம் படிக்க வைச்சது உளி பிடிக்கவா?" என்று இலையை மடக்காத குறையாக எழுந்து விட்டார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும், பிடிக்காத படிப்பைக் கடன் வாங்கிப் படித்து விட்டு, பிறகு செல்போன் கடையில் நிற்கிற பிள்ளைகளை நம் தெருவிலேயே எத்தனை பேரைப் பார்க்கிறோம்? "ஒரு வருஷம் பார்க்கலாமே" என்று மெல்ல மெல்லச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தேன். பேச்சு ஒரு வருஷத்துக்குத்தான். அதற்குள் பையன் கையில் தொழில் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் சொல்கிற காலேஜில் சேர வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கோயில் கதவு, வாகனம் எல்லாம் செய்த வயதான ஆசாரி ஒருவர் இருக்கிறார். பையனை அழைத்துக் கொண்டு போனேன். அவர் பையனின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "படிப்பு சொல்லித் தாரேன், தாயி. காசு வேண்டாம். ஆனா ஆயுதம் அவனுது இருக்கணும். என் ஆயுதத்தை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். அவன் தீட்டித் தீட்டிப் பழகுனாத்தான் அவன் கைக்கு அது படியும்" என்றார். கால் அங்குலம், அரை அங்குலம், ஒரு அங்குலம் என்று மூன்று உளி, ஒரு இழைப்புளி, கை ரம்பம், மூலைமட்டம், கொட்டாப்புளி. இவ்வளவுதான் பட்டியல்.

இவ்வளவுதானே என்று கிளம்பினோம். கடை கடையாக ஏறியபோதுதான் தெரிந்தது. எந்த ஹார்டுவேர் கடையில் கேட்டாலும் மின்சாரத்தில் ஓடும் கட்டர், டிரில், இழைக்கிற மிஷின் என்றுதான் எடுத்துப் போடுகிறார்கள். உளி என்று கேட்டால், பெயிண்ட் டப்பா மூடி திறப்பதற்கு ஆகும்படி ஏதோ ஒன்று வருகிறது. ஒரு கடையில் பளபளவென்று பெட்டியில் வைத்த செட் ஒன்று கொடுத்தார்கள். ஆசாரியார் அதை வாங்கி, ஒரு வேப்பங்கட்டையில் வைத்து நாலே தட்டுத்தான் தட்டினார். உளியின் வாய் அப்பளம் மாதிரி மடங்கி விட்டது. "இது இரும்பு, தாயி. எஃகு இல்லை" என்று திருப்பிக் கொடுத்து விட்டார். கடையில் கொண்டு போய்க் கேட்டால், "ஒருதடவை அடிச்சாச்சு, வாபஸ் கிடையாது" என்று சொல்லி விட்டார்கள்.

ஏன் இப்படி ஆகி விட்டது என்று ஆசாரியாரிடமே கேட்டேன். முன்பெல்லாம் மரத்தை அறுத்து, செதுக்கி, இழைத்து, துளை போட்டுப் பொருத்தினார்கள். இப்போது வீடு கட்டுகிறவர்கள் பிளைவுட், பிளாஸ்டிக் கதவு, இரும்புக் கதவு என்று போய் விட்டார்கள். பிளைவுட்டை மிஷினில் அறுத்து, ஸ்குரூ போட்டு முடுக்கினால் முடிந்தது. அதற்கு உளி எதற்கு? கேட்கிறவர் குறைந்ததும் கடைக்காரர் வாங்கி வைப்பதை விட்டார். கடைக்காரர் விட்டதும் கொல்லர் அடிப்பதை விட்டார். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை. எங்கள் தூத்துக்குடி மாவட்டம் இரும்புக்குப் பேர் போனது. ஆதிச்சநல்லூரில் 1876-லேயே யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டிப் பார்த்தார். 1899-க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ என்ற அதிகாரி தோண்டியதில் இரும்புச் சாமான்கள் ஏராளமாக வந்தன. பக்கத்திலேயே இருக்கும் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் இரும்பு உருக்கிய மண்ணில், ஒரு அரை அங்குல உளிக்கு நான் மூன்று மாதம் அலைந்தேன்!

சரி, அலைந்து கண்டுபிடித்த வழிகளைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் உதவும்.

முதல் வழி, கொல்லர் பட்டறை. அரிவாள், மண்வெட்டி அடிக்கிற பட்டறை கிராமங்களில் இன்னும் இருக்கிறது. லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்குமே ஸ்பிரிங் பட்டை, அதுவும் தேய்ந்து போன பழைய அரமும் நல்ல எஃகு. அதைக் கொண்டு போய்க் கொடுத்து, ஒரு மாதிரி உளியையும் காட்டினால் அடித்துத் தருகிறார்கள். எங்களுக்குச் செய்து கொடுத்தவர், சீமைக்கருவேலங்கரி போட்ட உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் முக்கினார். அதோடு விடவில்லை. மறுபடி லேசான சூட்டில் காட்டி, வாய்ப்பக்கம் வைக்கோல் நிறம் வந்ததும் சட்டென்று ஆற்றினார். முதலில் முக்குவது கடினமாக்க. இரண்டாவது சூடு, கண்ணாடி மாதிரி உடையாமல் இருக்க. பால் பாயசத்துக்குப் பதம் பார்க்கிற மாதிரிதான், ஒரு நிமிஷம் தவறினால் போயிற்று. ஒன்றுக்குக் கூலி 250 ரூபாய் வாங்கினார். முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்; அவர்களுக்கு அறுவடைக் காலத்தில் அரிவாள் வேலையே சரியாக இருக்கும்.

இரண்டாவது வழி, கையாலேயே செய்து கொள்வது. கொட்டாப்புளியை யாரும் கடையில் வாங்குவதில்லையாம். வைரம் பாய்ந்த புளியங்கட்டை போதும். உளிப் பிடிக்கு நாட்டுக் கருவேலம். இழைப்புளிக்குக்கூட உள்ளே இருக்கும் தகடு ஒன்றுதான் இரும்பு, உடம்பு மரம். தகடு மட்டும் வாங்கி, உடம்பை அவரவர் கைக்குத் தகுந்தபடி செய்து கொள்வதுதான் அந்தக் காலத்து வழக்கம். பையனுக்கு ஆசாரியார் வைத்த முதல் பரீட்சையே அதுதான்.

மூன்றாவது வழி, வடக்கே செய்து வருகிற கருவிகள். பஞ்சாபில் ஜலந்தர், ராஜஸ்தானில் நாகௌர் ஆகிய ஊர்கள் கைக்கருவிகளுக்குப் பேர் போனவை. நல்ல ஹார்டுவேர் கடையில் பெயரெழுதிய சரக்காக வாங்கித் தரச் சொல்லலாம். ரம்பத்துக்கும் மூலைமட்டத்துக்கும் நாங்கள் அப்படித்தான் செய்தோம். ரம்பத்தை வளைத்து விட்டுப் பார்க்க வேண்டும். விட்டதும் நேராகி விட்டால் நல்லது, வளைந்தே நின்றால் வேண்டாம். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே பழைய தச்சுக் கருவியும் கண்ணில் படும். ஆனால் அங்கே அது அலங்காரப் பொருள். விலையும் அலங்கார விலைதான்!

நான்காவது வழிதான் நான் சொல்ல வந்தது.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஆச்சி இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் தாத்தா நல்ல தச்சர். காலமாகி ஏழு வருஷம் ஆயிற்று. மகன்கள் இருவரும் வெளியூரில் வேறு வேலை. ஒரு நாள் கீரை வாங்கிக் கொண்டு அந்தப் பக்கமாக வருகிறேன், வாசலில் ஒலிபெருக்கி கட்டிய பழைய இரும்பு வண்டி. அந்தக் காலத்தில் பேரீச்சம்பழம் கொடுப்பார்கள், இப்போது காசு, அவ்வளவுதான் வித்தியாசம். வண்டிக்காரர் தராசில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துக் கொண்டிருந்தார். உள்ளே ஒன்பது உளி, இரண்டு வாச்சி, மூன்று இழைப்புளி, வில்லால் இழுத்துச் சுற்றுகிற துறப்பணம்! மூன்று மாதமாக எந்தச் சாமானுக்காக அலைந்தேனோ அதெல்லாம் கிலோ முப்பது ரூபாய்க்குத் தராசில் கிடந்தது. மொத்தம் பதினோரு கிலோ. 330 ரூபாய்.

"ஆச்சி, கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். வண்டிக்காரரிடமும் தன்மையாகச் சொல்லி அனுப்பினேன்.

ஆச்சி சொன்னார்கள்: "என்ன செய்யச் சொல்லுத, தாயி? வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு எடுத்துச் சந்தனம் வைக்கேன். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரமாட்டேங்கு. பெரியவன் 'அந்தப் பெட்டியைத் தள்ளி விடு, பூச்சி அடையுது'ங்கான். சின்னவன் கேக்கவே இல்ல. எடுத்து ஆளுறதுக்கு ஆள் இல்லாத ஆயுதத்தை வச்சு நான் என்ன செய்ய?"

எனக்குத் தொண்டையை அடைத்தது. ஆனால் இதில் இரக்கம் வேறு, கணக்கு வேறு. ஒரு வயதான அம்மாள் அறியாமல் கொடுக்கிறார்கள் என்று நாமும் 330 ரூபாய்க்கு வாங்கினால் அது நியாயமா? ஆசாரியாரை அழைத்து வந்து விலை போடச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, கட்டை விரலால் வாயைத் தடவிப் பார்த்து, 4,500 ரூபாய் மதித்தார். மூன்று தவணையில் கொடுத்தோம். என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். ஆனால் கடை கல்லாவிலிருந்து முதல் தவணையை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். ஆச்சி ஒரே ஒரு கொட்டாப்புளியை மட்டும் தன்னிடம் வைத்துக் கொண்டார்கள். தாத்தாவின் பிடி அதில் பள்ளமாகப் பதிந்திருந்தது. நான் கேட்கவும் இல்லை.

ஒரு உளியில் ஷெஃபீல்டு என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. அது இங்கிலாந்தில் எஃகுக்குப் பேர் போன ஊராம். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கேயிருந்து நம் நாட்டுக்குக் கருவிகள் வந்திருக்கின்றன.

இப்போது சொல்லுங்கள், சகோதரிகளே. நல்ல கருவிகள் எங்கே இருக்கின்றன? கடையில் இல்லை. நம் வீடுகளின் பரணில், மாடிப்படிக்கு அடியில், கோணிப்பைக்குள் இருக்கின்றன. அதை வைத்துக் கொள்வதா, எடையில் போடுவதா என்று முடிவு செய்கிறவர்கள் யார்? பொங்கலுக்கு வீடு ஒதுக்குகிற நாம்தான். அதனால்தான் இது பெண்கள் காரியம் என்றேன்.

பழைய கருவி கிடைத்தால் பார்க்க வேண்டியது மூன்று. மேலாகப் படிந்த துருவுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் உளியின் தட்டையான பக்கத்தில், வாய் ஓரத்தில், அம்மைத் தழும்பு மாதிரி குழி இருந்தால் வேண்டாம். வாய்ப்பக்கம் நீலம் பாரித்திருந்தால் யாரோ மிஷின் சாணையில் சூடேற்றிப் பதத்தைக் கெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்றாவது, ஒரு அரத்தால் வாய் அருகே லேசாகத் தேய்த்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் நல்ல எஃகு; சுலபமாகக் கடித்து உராய்ந்தால் மெத்தனம்.

துரு எடுப்பது நம் சமையலறை வேலை. பித்தளைப் பாத்திரத்துக்குப் போடுகிறோமே, அதே புளிதான். கெட்டியாகக் கரைத்து, இரும்புப் பகுதி மட்டும் மூழ்கும்படி ஒரு ராத்திரி வைக்க வேண்டும். மரப்பிடி நனையக் கூடாது. காலையில் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால் துரு கரியாகக் கழன்று வரும். பிறகு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசுங்கள்; புளிப்பு தங்கினால் மறுபடி துரு ஏறும். உடனே துணியால் துடைத்து, வெயிலில் காய வைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு கை தடவுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுக்கு ஏறிவிடும். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் உப்புக்காற்றுக்காக மாதம் ஒரு தடவை எண்ணெய்த் துணியால் துடைப்பது நல்லது.

பிள்ளைகளைப் பெற்ற நமக்குக் காயம் பற்றிய பயம் இருக்கும். "துருப்பிடித்த இரும்பு குத்தினால் ஜன்னி" என்பார்கள். உண்மையில் துரு ஜன்னியைக் கொண்டு வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமிதான் ஆழமான காயம் வழியாகப் போகிறது. ஆகவே பளபளப்பான உளி குத்தினாலும் காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, தடுப்பூசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று டாக்டரிடம் சொல்லிக் கேட்க வேண்டும். இன்னொன்று, கூரான உளியை விட மழுங்கிய உளிதான் கையை வெட்டும். மழுங்கினால் பலமாக அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும். நம் அரிவாள்மணைக்கும் இதே கதைதானே? வெட்டுகிற திசையில் மற்றக் கை இருக்கக் கூடாது என்பதுதான் ஆசாரியார் பையனுக்குச் சொன்ன முதல் பாடம்.

வீட்டுக் கருவியைத் திரட்டிக் கொடுப்பது என்பது நான் மட்டும் சொல்கிற புதுமை அல்ல. இங்கிலாந்தில் 1979-ல் டூல்ஸ் ஃபார் செல்ஃப் ரிலையன்ஸ் என்று ஒரு தர்ம அமைப்பு தொடங்கினார்கள். வீடுகளில் சும்மா கிடந்த உளி, ரம்பம், தையல் மிஷின் எல்லாம் சேகரித்து, தொண்டர்கள் உட்கார்ந்து துரு எடுத்து, கூர் தீட்டி, ஆப்பிரிக்க நாடுகளில் தொழில் கற்பவர்களுக்கு அனுப்பி வைத்தார்கள். கப்பலேற்றி அனுப்பும்போது, நாம் அடுத்த தெருவுக்குக் கொடுக்க முடியாதா?

கடன் உதவி வேண்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசு 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் கருவிகள் வாங்க 15,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். தமிழக அரசு அதற்குப் பதிலாக 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் கொண்டு வந்தது. அதில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 சதவீதம், அதாவது அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் அறிவித்தார்கள். வயது, விதிகள் எல்லாம் அவ்வப்போது மாறும். மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுக் கொள்வது உத்தமம்.

என் மகன் கதை என்ன ஆயிற்று என்கிறீர்களா? முதல் நாலு மாதம் வெறும் தீட்டல்தான். உள்ளங்கை காய்த்துப் போயிற்று. ஐப்பசி மழையில் எங்கள் கொல்லைப்புறக் கதவு உப்பி அடைக்க முடியாமல் நின்றது. இழைத்து விடட்டுமா என்று துடித்தான். ஆசாரியார் விடவில்லை. "ஈரத்துல உப்புனதை இழைச்சா, மாசியில காஞ்சு சந்து விழும். இப்போ ஓரத்துல மெழுகுவத்தியைத் தேய்ச்சு விடு" என்றார். அப்படியே செய்தோம், மாசியில் கதவு தானாகச் சரியாயிற்று.

வருஷக் கெடு முடிகிற மாதம், மூத்தவளின் குழந்தைக்கு ஒரு நடைவண்டி செய்தான். குழந்தையை உள்ளே உட்கார வைக்கிற சக்கர வாக்கரைக் கனடாவில் 2004-லேயே தடை செய்து விட்டார்கள். படியில் உருண்டு அவ்வளவு விபத்து. நம் நடைவண்டியோ, குழந்தை தன் காலில் நின்று தானே தள்ளுவது. கூட யாராவது நின்றால் போதும். ஒரு ஆணி கிடையாது; எல்லாம் துளையும் முளையும்தான். அவர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். "எவ்வளவு சொல்லலாம்?" என்று கேட்டார். மளிகைக்கடைக்காரர் அல்லவா! இப்போது கடை வாசலில் இரண்டு நடைவண்டி எப்போதும் நிற்கிறது. காலேஜ் பேச்சு எழவில்லை.

வரும் ஆயுத பூஜைக்கு அரிவாள்மணைக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைக்கும்போது, பரணில் இருக்கும் அந்தப் பெட்டியையும் இறக்குங்கள். எண்ணெய் போடுங்கள். வீட்டில் ஆள ஆள் இருந்தால் வைத்துக் கொள்ளுங்கள். இல்லையென்றால் தொழில் கற்கிற ஒரு பிள்ளையை விசாரித்து, நியாயமான விலைக்குக் கொடுங்கள். யாருடைய பெட்டி என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லியும் கொடுங்கள்.